மியூட்ல இருந்த போர்டு ரூம்

2020 மார்ச் 24 ராத்திரி 8 மணிக்கு பிரதமர் டிவில வந்து, இன்னைக்கு நடுராத்திரில இருந்து 21 நாள் நாட்டையே மூடறோம்னு சொன்னப்ப நீங்கல்லாம் அரிசி பருப்பு பத்தி யோசிச்சிருப்பீங்க. எனக்கு முதல்ல ஞாபகம் வந்தது ஆபீஸ்ல என் டேபிள் இழுப்பறை. அதுக்குள்ள ஒரு பழைய ஸ்வீட் டப்பா, அந்த டப்பாக்குள்ள எங்க டைரக்டர்கள் எல்லாரோட டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனும், பென் டிரைவ் மாதிரி இருக்குமே அது, ஒவ்வொண்ணுலயும் பேர் எழுதி ஸ்டிக்கர் ஒட்டி வெச்சிருந்தேன். அது இல்லாம கம்பெனி சார்பா ஒரு ஃபார்ம்கூட ஃபைல் பண்ண முடியாது. இழுப்பறைக்கு பூட்டு, ஆபீஸுக்கு பூட்டு, இப்ப ஊருக்கே பூட்டு.

நியாயமா பார்த்தா அவங்கவங்க டோக்கன் அவங்கவங்ககிட்டதான் இருக்கணும், கையெழுத்துங்க அது. ஆனா எனக்கு தெரிஞ்ச கம்பெனில எல்லாம் அது செக்ரட்டரி இழுப்பறைலதான் கிடக்கும். பத்து வருஷமா யாருக்கும் அது ஒரு ரிஸ்க்னு தோணலை, எனக்கும்தான்.

நான் ஒரு கம்பெனி செக்ரட்டரி, அதாவது போர்டு மீட்டிங், மினிட்ஸ், ஃபைலிங் எல்லாம் சட்டப்படி நடக்குதான்னு பார்த்துக்கற ஆள். (எம்.டி-க்கு லெட்டர் டைப் அடிக்கற வேலைன்னு என் மாமியார் ரொம்ப நாள் நினைச்சிட்டிருந்தாங்க, இப்பவும் முழுசா நம்பிட்டாங்களான்னு தெரியலை.) அப்ப நான் இருந்தது கோயமுத்தூர் பக்கம் ஒரு ஆட்டோ காம்பொனென்ட் கம்பெனி, குடும்பம் நடத்தறது, ஆனா பங்குச் சந்தைல லிஸ்ட் ஆனது. பெரியவர் சேர்மன், அவர் பையன் எம்.டி. பேர் வேண்டாம், இப்ப நான் அங்க இல்லை. கொரோனா சமயத்துல வீட்ல இருந்தே போர்டு மீட்டிங் நடத்தினதை பத்தி ஒரு ஜூனியர் பொண்ணு கேட்டா, பதில் சொல்ல ஆரம்பிச்சு அது நீண்டுகிட்டே போச்சு, அதான் இங்க எழுதறேன்.

சட்டம் ரொம்ப சீக்கிரமா வளைஞ்சு குடுத்துச்சு, அதை சொல்லியே ஆகணும். வீடியோல போர்டு மீட்டிங் நடத்தலாம்னு 2013 கம்பெனி சட்டத்துல 173-ஆவது பிரிவுலயே இருக்கு, ஆனா வருஷக் கணக்கை பாஸ் பண்றது, கம்பெனியை இணைக்கறது இந்த மாதிரி பெரிய விஷயத்துக்கெல்லாம் ஆள் நேர்ல உக்காரணும்னு போர்டு மீட்டிங் விதிகள்ல விதி 4 தடுத்துச்சு. லாக்டவுனுக்கு முன்னாடியே, மார்ச் 19-ஆம் தேதியே எம்சிஏ, அதாவது மத்திய கம்பெனி விவகார அமைச்சகம், அதை தளர்த்திட்டாங்க, முதல்ல ஜூன் 30 வரைக்கும்னு சொல்லி அப்புறம் நீட்டி நீட்டி கொண்டு போனாங்க. ரெண்டு மீட்டிங்குக்கு நடுவுல 120 நாளுக்கு மேல போகக்கூடாதுங்கறதையும் 180 நாள் ஆக்கினாங்க. பேப்பர் அளவுல எங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

முதல் வீடியோ மீட்டிங் ஏப்ரல்ல. மார்ச் 27-ஆம் தேதி ரிசர்வ் பேங்க் கடன் தவணைக்கு மூணு மாசம் அவகாசம் குடுத்திருந்தாங்க, அதை எடுக்கறதா வேண்டாமா, அதான் விஷயம். சாயங்காலம் 6 மணிக்கு வெச்சேன், ஏன்னா எங்க இண்டிபெண்டெண்ட் டைரக்டர் (குடும்பத்துக்கு சம்பந்தமில்லாத வெளி ஆள்) ஒருத்தர், ரிட்டயர்ட் இன்ஜினியரிங் காலேஜ் புரொபசர், நியூ ஜெர்ஸில பொண்ணு வீட்டுக்கு போனவர் ஃபிளைட் இல்லாம அங்கயே மாட்டிக்கிட்டார்.

வீடியோ மீட்டிங்னா ஆரம்பத்துலயே ரோல் கால் எடுக்கணும். ஒவ்வொரு டைரக்டரும் பேர் சொல்லணும், எந்த இடத்துல இருந்து பேசறார்னு சொல்லணும், அஜெண்டா வந்து சேர்ந்துச்சுன்னு சொல்லணும், தன்னைத் தவிர வேற யாரும் இதை பார்க்கலை கேக்கலைன்னும் சொல்லணும். எல்லாமே ரெக்கார்ட் ஆகும். பெரியவர் முறை வந்துச்சு. ஸ்கிரீன்ல அவர் நெத்தியும் மேல சீலிங் ஃபேனும்தான் தெரியுது.

"அம்மிணி, என் குரல் கேக்குதா?"

"கேக்குதுங்க ஐயா. ரூம்ல வேற யாரும் இல்லைன்னு சொல்லிடுங்க."

"வேற யாரும் இல்லை." சொல்லிட்டே இருக்கறப்ப ஓரத்துல ஒரு சின்ன கை வந்து ஐபேடை நிமித்தி வெச்சுட்டு போச்சு. பேரன். ஒன்பதாவது படிக்கறான். "இவன் ஒண்ணும் கணக்குல வரமாட்டான்" அப்படின்னு பெரியவரே சொல்லிட்டார், எல்லாரும் சிரிச்சாங்க, நானும்தான் சிரிச்சேன்.

சிரிச்சுட்டு விட்டுட்டோம், அதான் தப்பு. லிஸ்டட் கம்பெனில ரிசல்ட் வெளிய வர்றதுக்கு முன்னாடி அந்த நம்பர் தெரிஞ்சவங்க யாரும் பங்கு வாங்கக்கூடாது விக்கக்கூடாது, குவார்ட்டர் முடிஞ்ச நாள்ல இருந்து ரிசல்ட் அறிவிச்சு 48 மணி நேரம் வரைக்கும் டிரேடிங் விண்டோ மூடியிருக்கும், யார் யாருக்கு தகவல் போச்சுன்னு தனியா ஒரு டேட்டாபேஸே வெச்சிருக்கணும்னு பங்குச் சந்தையை கண்காணிக்கற செபி சொல்லுது. போர்டு ரூம்னா கதவை சாத்தினா முடிஞ்சுது, டீ கொண்டு வர்ற அண்ணன்கூட கதவை தட்டிட்டுதான் வருவார். வீட்ல அப்படியா? ஒருத்தர் ஹால்ல உக்காந்து ஸ்பீக்கர்ல போட்டு கேக்கறார், பின்னாடி குக்கர் விசில் அடிக்குது, மருமகன் குறுக்க நடக்கறார், அந்த மருமகன் எந்த புரோக்கர்கிட்ட அக்கவுண்ட் வெச்சிருக்கார்னு எனக்கு எப்படி தெரியும். எங்ககிட்ட அப்படி எதுவும் நடக்கலை. ஜூன் மீட்டிங்ல இருந்து எல்லாரையும் ஹெட்போன் போட சொன்னேன், கதவு தெரியற மாதிரி உக்காருங்கன்னு கேட்டேன். ரெண்டு பேருக்கு என் மேல கொஞ்சம் வருத்தம்தான்.

ஆனா நிஜமான சிக்கல் அது இல்லைன்னு எனக்கு புரிய நாளாச்சு.

எங்க போர்டு ரூம்ல ஓவல் டேபிள். நான் மூலைல உக்காந்து மினிட்ஸ் குறிப்பு எடுப்பேன். பன்னிரண்டு வருஷமா அந்த மூலைல இருந்து பார்த்ததுல எனக்கு ஒவ்வொருத்தரும் அத்துப்படி. ரிட்டயர்ட் பேங்க் அதிகாரி ஒருத்தர் இருந்தார், அவருக்கு ஒரு விஷயம் பிடிக்கலைன்னா வாய் திறக்க மாட்டார், பேனாவை மூடி டேபிள் மேல வெச்சுடுவார். பெரியவர் அதை கவனிச்சுட்டு "சாருக்கு என்னமோ இருக்குது போல, சொல்லுங்க"ன்னு இழுப்பார், அதுக்கப்புறம்தான் அவர் பேசுவார், பேசினா உருப்படியா பேசுவார். வீடியோல பேனா தெரியாது. ஒன்பது கட்டம், அதுல நாலு கட்டத்துல வெறும் இனிஷியல். எம்.டி ஒரு பிரசண்டேஷனை ஷேர் பண்ணா அந்த கட்டமெல்லாம் இன்னும் சுருங்கி ஸ்டாம்ப் சைஸ் ஆயிடும். "எனி அப்ஜெக்ஷன்?"னு கேப்பார், மூணு செகண்ட் அமைதி, "ஓகே, அப்ரூவ்டு, நெக்ஸ்ட்". அந்த மூணு செகண்ட்ல பாதி பேர் மியூட் பட்டனை தேடிட்டு இருப்பாங்க. நான் மினிட்ஸ்ல "ஏகமனதாக"ன்னு எழுதினேன். பொய்னு சொல்ல முடியாது. ரெக்கார்டிங்கை போட்டு பார்த்தா யாரும் எதிர்ப்பு சொல்லலை. ஆனா அந்த வருஷம் மாதிரி சீக்கிரம் முடிஞ்ச மீட்டிங்குகளை நான் பார்த்ததே இல்லை, முன்ன நாலு மணி நேரம் ஓடறது ஒண்ணே முக்கால் மணி நேரத்துல முடியுது. எம்.டி-க்கு அதுல பெருமை வேற. நானும் அப்ப எஃபிஷியன்சின்னுதான் நினைச்சேன், இன்னைக்கு யோசிச்சா பயமா இருக்கு.

இப்ப ஸ்டாக் கதைக்கு வர்றேன், இந்த போஸ்ட்டே இதுக்குதான்.

மார்ச் 31-ஆம் தேதி வருஷக் கணக்கு முடியுது, அன்னைக்கு ஃபேக்டரி பூட்டி கிடக்கு. மே மாசம் பாதி ஆளோட ஃபேக்டரி திறந்தப்ப ஆடிட்டர் சென்னைல, மாவட்டம் தாண்டணும்னா இ-பாஸ் வேணும். அதனால வீடியோல ஸ்டாக் எண்ணிடலாம், எண்ணிட்டு நடுவுல வந்தது போனதை கழிச்சு கூட்டி மார்ச் 31 நிலவரத்துக்கு கொண்டு போயிடலாம்னு முடிவாச்சு. அப்ப எல்லா ஊர்லயும் ஆடிட்டர்ங்க அப்படித்தான் பண்ணாங்க, அதுல ஒரு தப்பும் இல்லை.

ஸ்டோர்ஸ் அண்ணன் மாஸ்க்கை தாடைக்கு இறக்கி விட்டுட்டு ஒரு கைல போன், ஒரு கைல பின் கார்டு (ஒவ்வொரு பொருளோட ஸ்டாக் கணக்கு எழுதற அட்டை) கட்டு, ரேக் ரேக்கா நடக்கறார். ஷெட்டுக்குள்ள போனா சிக்னல் போயிடும், திரும்ப வாசலுக்கு ஓடி வருவார், திரும்ப கனெக்ட் பண்ணுவார். "இது மேனிஃபோல்டுங்க சார், ஒரு அடுக்குக்கு பன்னண்டு, மொத்தம் அஞ்சு அடுக்கு, பார்த்துக்கங்க." (மேனிஃபோல்டுங்கறது இன்ஜின்ல பொருத்தற ஒரு குழாய் மாதிரி பாகம்.) ஆடிட்டரோட அசிஸ்டண்ட் பையன் அவன் வீட்ல உக்காந்து எக்ஸெல்ல டிக் போடறான். ரெண்டு நாள் இப்படியே. எண்ணிக்கை கனகச்சிதமா பொருந்துச்சு, ஸ்டோர்ஸ் அண்ணன் கணக்குல ஒரு நட்டு போல்டு குறையாது, அவர் அப்படிப்பட்டவர்.

ஜூன் கடைசில கணக்கை பாஸ் பண்ண ஆடிட் கமிட்டி, அதாவது போர்டுலயே கணக்கை பார்க்கற குழு, கூடுச்சு. அந்த வாரம்தான் ஜெர்மனில வயர்கார்டுன்னு ஒரு பேமெண்ட் கம்பெனி, கணக்குல இருந்த 190 கோடி யூரோ நிஜத்துல இல்லவே இல்லைன்னு ஆகி திவால் மனு போட்டுச்சு. எங்க ஆடிட்டர் மீட்டிங் தொடங்கறதுக்கு முன்னாடி அதை பத்தி பேசிட்டிருந்தார், "நம்ம ஸ்டாக்கையாவது வீடியோல கண்ணால பார்த்தோம்"னு ஒரு சிரிப்பு. எல்லாரும் தலையாட்டி கணக்கு பாஸ் ஆச்சு.

அதுக்கப்புறம் நடந்ததுக்கு கொஞ்சம் பின்னாடி வர்றேன். நடுவுல எம்.டி பத்தி சொல்லணும்.

அவரை நான் குறை சொல்லலை. நல்ல மனுஷன், காலைல 8 மணிக்கு ஃபேக்டரிக்குள்ள ஒரு நடை நடப்பார், மெஷின் சத்தத்தை வெச்சே எது சரியில்லைன்னு சொல்லுவார். லாக்டவுன்ல அந்த நடைக்கு பதிலா தினம் 9 மணிக்கு ஒரு கால், நாப்பது பேர். முதல் வாரம் சூப்பர்வைசர்ங்க பேசினாங்க, மூணாவது வாரம் அவர் மட்டும்தான் பேசினார். ஆளுங்க முகத்தை பார்க்காம பேசறவங்களுக்கு தன்னோட குரல் மேலயே நம்பிக்கை கூடிடுது போல. 2021 பிப்ரவரில லண்டன்ல கேபிஎம்ஜி-ங்கற பெரிய ஆடிட் நிறுவனத்தோட பிரிட்டன் சேர்மன் பில் மைக்கேல் வீடியோ மீட்டிங்ல ஊழியர்களைப் பார்த்து புலம்பறதை நிறுத்துங்கன்னு சொல்லி, அந்த வாரமே பதவியை விட்டு போக வேண்டியதாச்சு, ஞாபகம் இருக்கா? அந்த செய்தியை படிச்சப்ப எனக்கு எங்க 9 மணி காலுங்கதான் ஞாபகம் வந்துச்சு. எங்காளு அப்படியெல்லாம் பேசலை, ஆனா எதிர்ல யாரும் முகம் சுளிக்கறது தெரியாம பேசறது எங்க கொண்டு போய் விடும்னு புரிஞ்சுது.

மே மாசம் அது எங்களை அடிச்சுது. எங்க மெஷின் ஷாப்ல நிறைய பேர் பீகார், ஒடிசா பசங்க, ஹாஸ்டல்ல இருந்தாங்க. மே 1-ல இருந்து வெளி மாநிலத் தொழிலாளர்களை ஊருக்கு கொண்டு போக ஷ்ராமிக் ஸ்பெஷல் ரயில் விட ஆரம்பிச்சாங்க. ஹெச்.ஆர் மேனேஜர் தினமும் கால்ல "பசங்க இருக்காங்க சார், மேனேஜ் பண்ணிடலாம்"னுதான் சொன்னார். அவர் ஒண்ணும் பொய் சொல்லலை, அவருக்கும் ஹாஸ்டல் வார்டன் போன்ல சொன்னதுதான் தெரியும். நாப்பது பேர் கேட்டுட்டிருக்கற இடத்துல கெட்ட செய்தியை யார் முதல்ல சொல்லுவாங்க? எம்.டி ஒரு நாள் தானே காரை எடுத்துட்டு ஹாஸ்டலுக்கு போனப்ப பாதி ரூம்ல பையெல்லாம் கட்டி வெச்சிருக்கு, ஒரு பையன் அவர்கிட்டயே வந்து ஸ்டேஷனுக்கு பஸ் ஏற்பாடு பண்ணி தர முடியுமான்னு கேட்டானாம். அதுக்கு முந்தின நாள்தான் போர்டுக்கு ஜூன் மாச உற்பத்தி திட்டம் அனுப்பியிருந்தோம்.

இன்னொண்ணு, இது சுருக்கமா சொல்றேன் ஏன்னா இன்னும் வலிக்குது. ஆகஸ்ட்ல ஒரு ஸ்டீல் சப்ளையர்கிட்ட இருந்து, பேங்க் அக்கவுண்ட் மாத்திட்டோம் இனிமே இதுல போடுங்கன்னு மெயில். மெயில் ஐடில ஒரு எழுத்து வித்தியாசம். அக்கவுண்ட்ஸ் பையன் பொள்ளாச்சில அவன் வீட்ல. ஆபீஸா இருந்தா பக்கத்து சீட்ல பர்ச்சேஸ் ஆளை திரும்பி "அண்ணா, இவங்க அக்கவுண்ட் மாத்திட்டாங்களா?"ன்னு கேட்டிருப்பான், அவ்ளோதான் எங்க செக்யூரிட்டி சிஸ்டமே. நெட் பேங்கிங்ல ஒருத்தர் போடணும் இன்னொருத்தர் அப்ரூவ் பண்ணணும்னு ரெண்டு பூட்டு இருக்கு, ஆனா வீட்ல இருந்து வேலைன்னு ஆனதும் ரெண்டாவது பாஸ்வேர்டும் வாட்ஸப்ல அவன்கிட்டயே போயிருந்துச்சு, ஓடிபி-யை எம்.டி சாப்பிட்டுக்கிட்டே படிச்சு சொல்லிட்டார். பணம் போனது போனதுதான். அந்த ஜூலைலதான் ட்விட்டர்லயே கம்பெனியோட கம்ப்யூட்டர் டிபார்ட்மெண்ட்ல இருந்து பேசறோம்னு சொல்லி ஊழியர்களுக்கு போன் போட்டு உள்ள நுழைஞ்சு பெரிய பெரிய ஆளுங்க அக்கவுண்ட்டையெல்லாம் பிடிச்சாங்க, நாங்க அந்த செய்தியை குரூப்ல ஃபார்வர்டு பண்ணி சிரிச்சவங்கதான். எங்க ரிஸ்க் ரெஜிஸ்டர்ல, கம்பெனிக்கு வரக்கூடிய ஆபத்தையெல்லாம் எழுதி வெக்கற பட்டியல்ல, அப்ப என்ன இருந்துச்சு தெரியுமா, ஸ்டீல் விலை, பவர் கட், லேபர், டாலர் ரேட். பையன் பொள்ளாச்சில தனியா உக்காந்திருப்பான்னு ஒரு வரி இல்லை.

2021 பிப்ரவரில கேஸ் குறைஞ்சிருந்துச்சு, டிசம்பர் குவார்ட்டர் ரிசல்ட்டுக்கு நேர்லயே கூடலாம்னு பெரியவர் பிடிவாதம் பிடிச்சார். ஜன்னலெல்லாம் திறந்து வெச்சு, ஒரு சீட் விட்டு ஒரு சீட். புரொபசர் சார், வெளிநாட்ல மாட்டினவங்களுக்காக அரசாங்கம் விட்ட வந்தே பாரத் ஃபிளைட்ல எப்பவோ ஊருக்கு வந்துட்டார், அவரும் வந்தார். மீட்டிங்ல புதுசா ஒண்ணும் நடக்கலை. அப்புறம் சாப்பாடு, எங்க கேண்டீன் சாப்பாடுதான், கத்திரிக்கா புளிக்குழம்பு. புரொபசருக்கு ஒரு பழக்கம், சாப்பிட்டதும் செரிக்கணும்னு ஷாப் ஃபுளோர்ல ஒரு சுத்து சுத்துவார். நானும் கூட போனேன், எனக்கும் வருஷம் ஒண்ணாச்சு உள்ள போயி.

ஸ்டோர்ஸ் கடைசி ரேக் பக்கம் நின்னார். அதே மேனிஃபோல்டு, பன்னண்டு பன்னண்டா அடுக்கி. ஒண்ணை தொட்டுப் பார்த்தார், விரல்ல துரு ஒட்டுச்சு. "ஏப்பா, இது பழைய இன்ஜினுக்கு தானே?"ன்னு ஸ்டோர்ஸ் அண்ணன்கிட்ட கேட்டார்.

"ஆமாங்க சார், பிஎஸ்-4. மார்ச்சோட நின்னு போச்சுங்க. ஸ்பேருக்குன்னு எப்பவாச்சும் போகும்."

பிஎஸ்-4, பிஎஸ்-6 எல்லாம் வண்டிப் புகைக்கு அரசாங்கம் வெச்ச அளவு; 2020 ஏப்ரல் 1-ல இருந்து நாடு முழுக்க பிஎஸ்-6. அது ரகசியமே இல்லை, எல்லாருக்கும் வருஷக்கணக்கா தெரிஞ்ச தேதி, போர்டுலயே அஞ்சாறு தடவை பேசியிருக்கோம். பழைய வண்டி ஸ்டாக்கை விக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் டீலர்ங்க போனதெல்லாம் பேப்பர்ல வந்துச்சு. ஆனா அந்த ரேக்ல இருந்த மொத்த காஸ்டிங்கையும் நாங்க முழு விலைக்கு கணக்குல வெச்சு ஜூன்ல பாஸ் பண்ணியிருந்தோம். ஸ்டோர்ஸ் அண்ணனை யாரும் எத்தனைன்னுதான் கேட்டாங்க, எதுக்குன்னு யாரும் கேக்கலை. ஆடிட்டர் பையன் டிக் போட்டான். பேனாவை மூடறவர் ஸ்டாம்ப் சைஸ் கட்டத்துல இருந்தார். புரொபசர் நியூ ஜெர்ஸில காலை காபியோட உக்காந்திருந்தார், அவரே அன்னைக்கு சொன்னார், "ஸ்லைடுல ஸ்டாக்குன்னு ஒரே ஒரு வரிதானம்மா இருந்துச்சு."

அந்த மார்ச் குவார்ட்டர்ல அதுக்கெல்லாம் புரொவிஷன் போட்டு, அதாவது நஷ்டம்னு கணக்குல ஒதுக்கி, லாபத்துல அடி விழுந்துச்சு, நாலு இன்வெஸ்டர் போன் பண்ணி கத்தினாங்க, ஆடிட்டர் ரொம்ப நாள் என்கிட்ட சிரிச்சு பேசலை.

அப்புறம் மே மாசம் ரெண்டாவது அலை. கோயமுத்தூர் தினசரி கேஸ்ல சென்னையையே தாண்டின நாளுங்க அது. எம்.டி ஆஸ்பத்திரில, ஆக்சிஜன்ல. பேங்க்ல கையெழுத்து போடற அதிகாரம் அவருக்கும் பெரியவருக்கும் மட்டும்தான், ரெண்டு பேரும் சேர்ந்து போடணும், சம்பளம் போட இன்னும் நாலு நாள். மீட்டிங் கூட்டாம சர்குலேஷன்ல தீர்மானம் அனுப்பி, கையெழுத்து போடறவங்கள்ல நிதித் தலைவர் சி.எஃப்.ஓ-வை சேர்த்து, டைரக்டர் ஒவ்வொருத்தரா போன் போட்டு ஒப்புதல் வாங்கினேன். பேனா மூடறவருக்கும் அப்ப காய்ச்சல். "அனுப்பும்மா, ஓகே"ன்னு ஒரு வாய்ஸ் மெசேஜ், நடுவுல இருமல். அவர் அதுல இருந்து மீண்டு வரலை. அந்த வாய்ஸ் மெசேஜ் இன்னும் என் பழைய போன்ல இருக்கு.

ஜூன் 15-ஆம் தேதி, நேர்ல உக்காரணும்னு தடுத்த அந்த விதி 4-ஐ மொத்தமா எடுத்துட்டாங்க, இனி எல்லா தீர்மானமும் வீடியோல பண்ணலாம். எம்.டி தேறி வந்த புதுசு, "அப்ப இனிமே யாரையும் வரவழைக்க வேண்டாம்ல, ஃபிளைட்டு ஹோட்டல் எல்லாம் மிச்சம்"னார். நான் வழக்கமா அவர்கிட்ட வாதாட மாட்டேன். அன்னைக்கு, வருஷக் கணக்கு பாஸ் பண்ற மீட்டிங்கும் பட்ஜெட் மீட்டிங்கும் நேர்லதான் வைக்கணும், சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மணி நேரம் ஃபேக்டரி சுத்தறதையும் அஜெண்டாவுலயே போடணும்னு கேட்டேன். மேனிஃபோல்டு ரேக்கை பத்தி நான் எதுவும் ஞாபகப்படுத்தலை. அவர் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை, அப்புறம், "சரி, புரொபசருக்கு ஒரு சேஃப்டி ஷூ வாங்கி வெச்சுடு, போன தடவை செருப்போட உள்ள போயிட்டார்"னார்.

சைஸ் 8. ஸ்வீட் டப்பா இருந்த அதே இழுப்பறைலதான் வெச்சேன், டோக்கனெல்லாம் அவங்கவங்ககிட்ட குடுத்து கையெழுத்து வாங்கினதுல இடம் காலியா இருந்துச்சு.